யசிந்தாவின் இரண்டு வசனங்கள்

யாராவது எதையாவது சொல்லிக்கொண்டிருந்தால் யசிந்தாவின் வலது கைச் சுட்டுவிரல் சும்மா இருக்காது. தொடையின் மேல், பாவாடைத் துணியில், கேட்ட சொற்களை எழுதிக்கொண்டே இருக்கும். கோயிலில் பிரசங்கம் கேட்கும்போதும் அப்படித்தான். மீன் சந்தையில் ஏலம் கூறுகிறவரின் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போதும் அப்படித்தான். தாய் செபஸ்தியம்மா இதை மகளின் பதினைந்து வயதிலிருந்து பார்த்து வருகிறாள். "உதென்னடி, கை அரிக்குதோ?" என்று முதலில் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். யசிந்தாவுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது.

பதினைந்தில்தான் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். விட்டாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தாய்க்குக் குருநகரில் றால் உரிக்கும் கொம்பனியில் வேலை. றால் முள்ளுக் குத்தித் தாயின் கை வீங்கிச் சீழ் கட்டியபோது, வேலை பறிபோகாமல் இருக்க, இரண்டு கிழமைக்கு மகள் அவளுடைய இடத்தில் போய் இருந்தாள். இரண்டு கிழமை இரண்டு மாதமாயிற்று. தாயின் கைப்புண் மாறிய பிறகு பள்ளிக்கூடம் போனால், வரவு இடாப்பில் அவள் பெயருக்கு மேல் சிவப்புக் கோடு கிடந்தது. தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வரச்சொன்னார்கள். வெட்கப்படுகிற பிள்ளை. அதிபரின் அறைக்கு வெளியே, றால் நாறும் உடுப்போடு நிற்கும் தாய்க்குப் பக்கத்தில் தானும் நிற்பதை ஒருதரம் நினைத்துப் பார்த்தாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஒருவரும் அவளை மறிக்கவில்லை. அதனால் ஒருவரையும் குறைசொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

கையெழுத்து மட்டும் அவளோடு நின்றுவிட்டது. அச்சடித்ததுபோல் இருக்கும். பங்குக் கோயிலில் பூசைக்கருத்து எழுதும் கொப்பி அவள் பொறுப்பில் வந்தது அதனால்தான். ஆட்கள் வந்து என்ன கருத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று சொல்வார்கள். அவள் எழுதுவாள். ஒரு கிழவி வந்து, "சண்டைக்காரி என்ரை மருமோளுக்கு நல்ல புத்தி வரவேணுமெண்டு போடு பிள்ளை" என்றாள். யசிந்தா அதை அப்படியே போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அது அப்படியே வாசிக்கப்பட்டது. கோயிலே சிரித்தது. மருமகள் எழும்பிப் போய்விட்டாள்.

"கொஞ்சம் மாத்தி எழுதியிருக்கலாமே பிள்ளை" என்றார் சுவாமி.

"அவ சொன்னது அதுதானே சுவாமி" என்றாள் யசிந்தா.

இந்தக் கதையைச் சுவாமி எங்கேயோ சிரித்துச் சிரித்துச் சொல்ல, அதைக் கேட்ட ஒருவர் சிரிக்காமல் அவளுடைய விலாசத்தைக் கேட்டு வாங்கினார். அவர்தான் பிரகலாதன். நகரத்தில் ஒரு கல்லூரியில் மாணவர் உதவிப் பிரிவுக்குப் பொறுப்பானவர். சொன்னதை மாற்றாமல் எழுதும் ஆளைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

உதவிப் பிரிவு என்பது கல்லூரியின் பின்பக்கத்தில் ஒரு நீள அறை. வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சரிவாகச் சீமெந்து போட்டிருந்தது. உள்ளே நாலு கொம்பியூட்டர். பாடத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு அங்கே பின்னேர வகுப்பு நடக்கும். வேலைக்கு விண்ணப்பம் எழுதவும், இன்ரவியூவில் எப்படி இருந்து கதைக்க வேண்டும் என்றும் பிரகலாதன் சொல்லிக்கொடுப்பார். கண் தெரியாத, கை வழங்காத பிள்ளைகளுக்குப் பரீட்சையில் எழுதிக்கொடுக்க ஆள் ஒழுங்குபண்ணுவதும் அவர்தான். கொம்பியூட்டர் இங்கிலிசை நன்றாக வாசித்தது. தமிழை இழுத்து இழுத்து வாசித்தது. அதனால் பாடப் புத்தகங்களை வாசித்துக் குரலில் பதிந்து கொடுக்கிற வேலையும் யசிந்தாவுக்கே வந்தது.

எழுதிக்கொடுப்பவருக்கு ஒரு விதி இருந்தது. அவர் மாணவரைவிடக் குறைவாகப் படித்தவராக இருக்க வேண்டும். படித்தவர் எழுதினால் தன் படிப்பையும் சேர்த்து எழுதிவிடுவார் என்ற பயம். ஆகவே ஒவ்வொரு பரீட்சைக்கு முன்னும் யசிந்தா ஒரு தாளில் கையெழுத்து வைக்க வேண்டும்: "நான் பத்தாம் ஆண்டு வரை மாத்திரமே கற்றவர் என்பதையும் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையாதவர் என்பதையும் உறுதிப்படுத்துகிறேன்."

முதல்நாள் வீட்டுக்கு வந்து சொன்னபோது தம்பி ஜெனிஸ்ரன் வலையைப் போட்டுவிட்டுச் சிரித்தான். "பாத்தியளே அம்மா, படிக்காததுக்கு வேலை குடுக்கிற இடமும் இருக்கு. நானும் வரட்டே அக்கா? நான் எட்டாம் வகுப்பு. உன்னிலும் பாக்க எனக்குத் தகுதி கூட."

அவளும் சிரித்தாள். ஆறு வருடத்தில் அந்தத் தாளில் எத்தனை முறை கையெழுத்து வைத்தாள் என்று எண்ணியதில்லை. சாதாரண தரத்தைப் பள்ளிக்கூடம் போகாமலே வெளிவாரியாக எடுத்தால் என்ன என்று இரண்டொரு முறை யோசித்ததுண்டு. சித்தியடைந்தால் அடுத்த நாளே இந்தத் தாளில் கையெழுத்து வைக்க முடியாது. அந்த அறைக்குள் போக அவளுக்கு வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை. விண்ணப்பப் போர்ம் வாங்காமலே காலம் போயிற்று.

நிவேதனா வந்தது இரண்டு வருடத்துக்கு முன். ஊர் நீர்வேலி. தகப்பன் நாகலிங்கம் வாழைத்தோட்டக்காரர். முதல்நாள் மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பெட்டியில் கட்டிவந்த கதலிக் குலையை என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிக்கொண்டு நின்றார். "இது ஆருக்கு ஐயா?" என்று பிரகலாதன் கேட்க, "எழுதித் தாறவவுக்கு" என்றார். நிவேதனாவுக்கு அப்போது இருபது. பிறவியிலேயே பார்வை இல்லை. சமுதாய அபிவிருத்தி டிப்ளோமாவுக்கு வந்திருந்தாள். வாய் ஓயாது.

"உங்கடை குரல் நல்ல வடிவு அக்கா. முகமும் உப்பிடித்தானோ?"

"இல்லை" என்றாள் யசிந்தா.

"நல்லது. எனக்குப் பொய் சொல்லாத ஆள்தான் வேணும்."

இருவரும் சேர்ந்து வேலை செய்யும் முறை விரைவில் படிந்துவிட்டது. பரீட்சைக்குத் தனி அறை. நிவேதனா சொல்வாள், வசனம் முடிந்தால் மேசையில் விரலால் ஒரு தட்டு. பந்தி முடிந்தால் இரண்டு தட்டு. யசிந்தாவின் பேனா ஓடும் சத்தம் நின்றால்தான் அடுத்த வசனம். ஒவ்வொரு விடை முடிந்ததும் யசிந்தா எழுதியதை முழுதாக வாசித்துக்காட்ட வேண்டும். நிவேதனா தலையைச் சரித்துக் கேட்டு, "ஓம், சரி" என்ற பிறகே தாள் திரும்பும். அந்த வாசிப்புத்தான் எல்லாம். கண்ணுள்ளவன் தன் விடையைத் திரும்பப் பார்ப்பது எப்படியோ, நிவேதனாவுக்கு யசிந்தாவின் குரல் அப்படி.

பொறாமை எந்த நாளில் தொடங்கிற்று என்று யசிந்தாவுக்கே தெரியாது. கழுத்தில் தொங்கும் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்துத் தொடங்கியிருக்கலாம். நிவேதனா அதைக் கவனிப்பதே இல்லை. சாப்பிடும்போது சோற்றுக்குள் விழும், துடைத்துவிட்டுத் தொங்கவிடுவாள். யசிந்தாவின் கழுத்தில் "வருகையாளர்" என்று எழுதிய அட்டை, போகும்போது காவலாளியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது. நிவேதனாவின் விடைத்தாள்கள் திருத்தி வரும்போது இன்னும் மோசம். அறுபத்தெட்டு, எழுபத்துநாலு, எழுபத்தொன்பது. எழுத்து முழுக்க யசிந்தாவின் கையெழுத்து, மேலே சிவப்பு மையில் இலக்கம், மூலையில் நிவேதனாவின் பரீட்சைச் சுட்டெண். யசிந்தா அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பாள். நிவேதனா, "எத்தினை அக்கா, எத்தினை?" என்று அவளுடைய சட்டையைப் பிடித்து இழுப்பாள். இலக்கத்தைச் சொல்ல யசிந்தாவுக்கு ஒரு கணம் மனம் வராது. பிறகு சொல்வாள்.

ஒருநாள் இன்ரவியூப் பயிற்சி. கேள்வி கேட்கும் பக்கத்தில் மூன்று பேர் இருக்க வேண்டும், ஒருவர் வரவில்லை. "யசிந்தா, நீங்கள் சும்மா வந்து இருங்கோ, ஒண்டும் கேக்கத் தேவையில்லை" என்றார் பிரகலாதன். அவள் போய் இருந்தாள்.

"நிவேதனா, அஞ்சு வருசத்திலை உங்களை எங்கை காணலாம்?" என்று அவர் கேட்டார்.

"உங்கடை கதிரையிலை சேர்."

எல்லாரும் சிரித்தார்கள். பிரகலாதன் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, "இந்தாருங்கோ, இப்பவே வந்து இருங்கோ" என்றார். யசிந்தாவின் விரல் மேசைக்குக் கீழே அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டிருந்தது. அஞ்சு வருசத்திலை உங்களை எங்கை காணலாம். அப்படியொரு கேள்வியை அவளிடம் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் குருநகரில்தான் என்று சொல்லியிருப்பாள். அது பதில் இல்லை, விலாசம்.

அன்று பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது நிவேதனா அவளுடைய முழங்கையைப் பிடித்தபடி கேட்டாள். "யசிந்தாக்கா, நீங்கள் ஏன் சோதினை எடுக்கேல்லை? உங்கடை மண்டைக்கு எப்பவோ எடுத்திருக்கலாமே."

"எடுத்தால் உங்களுக்கு ஆர் எழுதுறது?"

"அதுவும் சரிதான்! அப்ப இப்ப எடுத்துப்போடாதேங்கோ, ப்ளீஸ். நான் முடிச்சுப்போட்டுப் போறன், பிறகு எடுங்கோ." அவள் விளையாட்டாய்த்தான் சொன்னாள். சொல்லிவிட்டு யசிந்தாவின் கையில் செல்லமாய்க் கிள்ளினாள். கிள்ளிய இடம் நோகவில்லை.

அந்தக் கிழமை யசிந்தா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். மற்றப் பாவங்களைச் சொல்லி முடித்துவிட்டு, "பொறாமையும் இருக்கு சுவாமி" என்றாள்.

"ஆரிலை?"

"ஒரு பிள்ளையிலை."

"வசதியான பிள்ளையோ? வடிவான பிள்ளையோ?"

"கண் தெரியாத பிள்ளை சுவாமி."

மறைப்புக்கு அந்தப் பக்கம் சுவாமி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தப் பிள்ளையிட்டை என்ன இருக்கெண்டு பொறாமைப்படுறாய்?"

"அவவுக்கு என்ன இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியும் சுவாமி. அதுக்கு ஆள் வைச்சிருக்கினம், அறை வைச்சிருக்கினம், சரிவு கட்டியிருக்கினம். எனக்கு இல்லாததை எனக்கே காட்ட ஏலாது."

அவர் பத்து அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். வீட்டுக்கு வந்து மீன் வெட்டும்போது பொறாமை இருந்த இடத்திலேயே இருந்தது, பல்லிடுக்கில் சிக்கிய முள்ளைப்போல.

கடைசிப் பருவப் பரீட்சை வந்தது. இதற்கு ஒரு சிறப்பு இருந்தது. இரண்டு வருட மொத்தப் புள்ளியில் முதலாவதாக வருபவருக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் ஒரு வருடப் பயிற்சி வேலை ஒழுங்காகியிருந்தது. நிவேதனாவும் இன்னொரு பெடியனும் ஒரே தராசில் நின்றார்கள். பாடம், "கரையோரச் சமூகங்களும் வாழ்வாதாரமும்." மேற்பார்வைக்கு மக்டலீன் மிஸ் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார்.

நாலாவது கேள்விக்கு இருபது புள்ளி. வடகரைக் கடற்றொழிலில் பருவக்காற்றுகள் செலுத்தும் தாக்கத்தை விளக்குக.

நிவேதனா கொஞ்சம் யோசித்தாள். பிறகு நிதானமாய்ச் சொன்னாள். "சோழகக் காற்று வீசும் காலத்தில் பருத்தித்துறை முதலான வடகரைக் கடல் கொந்தளிப்பதால் மீனவர் தொழிலுக்குச் செல்வதில்லை." ஒரு தட்டு. "வாடைக்காற்றுக் காலத்தில் கடல் அமைதியடைவதால் தொழில் சிறக்கிறது." ஒரு தட்டு.

யசிந்தாவின் பேனா நின்றது.

தலைகீழ். இரண்டு காற்றையும் பிள்ளை மாற்றிப் போட்டுவிட்டாள். வாழைத்தோட்டத்தில் வளர்ந்தவளுக்குச் சோழகம் என்றால் குலையை முறிக்கும் காற்று. கடலையும் அதுதான் முறிக்கும் என்று நினைத்துவிட்டாள் போலும். ஆனால் யசிந்தாவின் பிள்ளைக்காலத்தைப் பங்குபோட்டதே அந்த இரண்டு காற்றுந்தான். தகப்பன் செபநாயகம் இருந்த காலத்தில், தென்மேற்கிலிருந்து சோழகம் எழும்பினால் குருநகர்ப் பக்கக் கடல் முரண்டுபிடிக்கும். அப்பா வலையைக் கட்டிக்கொண்டு வடகரைக்குப் போவார். அங்கே கடல் அடங்கிக் கிடக்கும். கரையில் கிடுகால் வாடிக் குடிசை போட்டு மாதக்கணக்கில் தங்குவார். வடகிழக்கிலிருந்து வாடை விழுந்து வடகரை குமுறத் தொடங்கினால்தான் வீட்டுக்கு வருவார். வாசலில் அவருடைய செருப்பைக் கண்டால் வாடை வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதும்படி அவளிடம் எவரும் கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கிறார்கள், வேறொருத்தியிடம். அவள் பிழையாகச் சொல்லிவிட்டு, யசிந்தாவின் பேனா ஓடுவதற்காக விரலை மேசையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். பிழையான விடைக்கும் ஏழெட்டுப் புள்ளி விழும். முதலாவதாக வந்தாலும் வருவாள். என்ரை கடல், என்று யசிந்தா நினைத்தாள். உனக்கு எல்லாம் இருக்கு. இதையாவது எனக்கு விடு.

பேனா ஓடிற்று. "சோழகம் எழும்பும் மாதங்களில் வடகரைக் கடல் அடங்கியிருக்கும், ஆகவே குடாக்கடலோரத்துத் தொழிலாளர் வலையோடு அங்கு பெயர்ந்து வாடியமைத்துத் தங்குவர். வாடை விழுந்ததும் வடகரை கொந்தளிக்க, அவர்கள் வீடு திரும்புவர்; பிள்ளைகள் தகப்பனைக் காண்பது அம்மாதங்களில்தான்."

"எழுதியாச்சோ அக்கா? கன நேரம் எழுதுறியள்."

"ஓம். சொல்லுங்கோ."

நிவேதனா மற்றவற்றைச் சொன்னாள், யசிந்தா அவற்றைச் சொன்னபடியே எழுதினாள். விடை முடிந்தது. வாசித்துக்காட்ட வேண்டும்.

அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு, அதே குரலில், அதே வேகத்தில், தாளில் இல்லாத நிவேதனாவின் இரண்டு வசனங்களையும் ஞாபகத்திலிருந்து வாசித்தாள். ஒரு சொல்லும் பிசகவில்லை. ஆறு வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய் அதுதான். நிவேதனா தலையைச் சரித்துக் கேட்டாள்.

"ஓம், சரி."

யன்னலடியில் மக்டலீன் மிஸ் கொட்டாவி விட்டார்.

மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. யசிந்தா உதவிப் பிரிவில் புத்தகம் வாசித்துப் பதிந்துகொண்டிருந்தாள். நிவேதனா பக்கத்துக் கொம்பியூட்டரில். பாட ஆசிரியர் ஜெயதீபன் கையில் ஒரு தாளோடு உள்ளே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"நிவேதனா, இண்டைக்கு உம்மடை நாலாவது விடையை வகுப்பிலை வாசிச்சனான். இருபதுக்குப் பதினெட்டு. இவ்வளவு வருசத்திலை அந்தக் கேள்விக்கு நான் பதினஞ்சுக்கு மேலை ஆருக்கும் போடேல்லை."

"எனக்கோ சேர்? அதிலை நான் நல்லாச் செய்யேல்லை எண்டு நினைச்சனான்."

"கேளும் உம்மடை வசனத்தை." அவர் வாசித்தார். "'பிள்ளைகள் தகப்பனைக் காண்பது அம்மாதங்களில்தான்.' உது ஒரு புத்தகத்திலையும் இல்லை. நீர்வேலியிலை இருந்து உது உமக்கு என்னெண்டு தெரியும்?"

யசிந்தாவின் காது சுட்டது. பதினெட்டு. அந்த ஒரு கணம், உண்மையைச் சொன்னால், அவளுக்குப் பயம் வரவில்லை. சந்தோசந்தான் வந்தது. பிறகு ஜெயதீபன் நிவேதனாவின் தோளில் தட்டினார். அந்தத் தட்டு தன்னுடையது என்று நினைத்ததும் சந்தோசம் புளித்துப் போயிற்று.

அவர் போன பிறகு நிவேதனா கதிரையை யசிந்தாவின் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

யசிந்தா புத்தகத்தை மூடினாள்.

"நீங்கள் வாசிச்சுக்காட்டேக்கையும் அது இருக்கேல்லை."

யசிந்தாவின் விரல் தொடையில் அந்தச் சொற்களை எழுதிக்கொண்டிருந்தது.

"வேறை எங்கையெங்கை எழுதினனீங்கள்?"

"இதிலை மட்டுந்தான்."

"அதை நான் எப்பிடி நம்புறது? நாலு பருவம். பத்தொன்பது பேப்பர். எழுபத்தொன்பது எண்டு சொல்லேக்கை நான் அப்பாவுக்குப் போன் பண்ணிக் கத்தினனான். அது என்ரை எழுபத்தொன்பதோ, உங்கடையோ? சின்னனிலை இருந்து எல்லாரும் சொல்லுறது, இவளுக்கு ஆரோ செய்து குடுத்திருப்பினமெண்டு. நான் இல்லையெண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு வந்தனான். இப்ப என்னத்தைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறது?"

அவள் வெள்ளைத்தடியைத் தட்டிக்கொண்டு தானே பிரகலாதனின் அறைக்குப் போனாள். முதலாம் இடம் கைக்கு எட்டிய நேரம். பேசாமல் இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிய வந்திராது. யசிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அவளுக்குப் பொறாமைதான் வந்தது. கோபப்படுவதற்குக்கூட நிவேதனாவிடம் சொந்தமாய் ஒன்று இருந்தது.

பிரகலாதன் யசிந்தாவைக் கூப்பிட்டு அதிகம் கதைக்கவில்லை. "ஏன் யசிந்தா?" என்று மட்டும் கேட்டார்.

"எனக்கு எத்தினை மார்க்ஸ் வருமெண்டு பாக்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு விசாரணைக் குழுவுக்கு எழுத வேண்டும் என்றும், அதுவரை அவள் வரக்கூடாது என்றும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

நிவேதனா ஒன்று கேட்டாள்: பத்தொன்பது விடைத்தாளும் தனக்கு முழுதாக வாசித்துக்காட்டப்பட வேண்டும், வேறு ஆளால். அவளோடு படிக்கும் தனுஷா வாசித்தாள். ஒன்பது நாள் எடுத்தது. கடைசி நாளில் யசிந்தாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். வாசலுக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் இருந்தாள். உள்ளே தனுஷா திடீரென்று சிரிப்பது கேட்டது.

"எடியேய், இதிலை நீ ஒரே வசனத்தை ரெண்டு தரம் சொல்லியிருக்கிறாய். அவ ரெண்டு தரமும் எழுதி வைச்சிருக்கிறா!"

நிவேதனா சிரிக்கவில்லை. "தாளை முழுக்க வாசி" என்றாள்.

முடிந்து வெளியே வந்தபோது, யசிந்தா அங்கே இருப்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. தடியை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ரெண்டு வசனந்தான். வேறை ஒண்டுமில்லை."

"ஓம்."

"நீங்கள் எனக்கு உதவி செய்யத்தான் எழுதினனீங்கள் எண்டு எல்லாரும் சொல்லினம். பாவம், நல்ல மனசிலை செய்திட்டா எண்டு. நீங்களும் அதைத்தான் சொல்லப்போறியளோ?"

ஓம் என்று சொல்வது எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். "இல்லை" என்றாள் யசிந்தா. "எரிச்சலிலை எழுதினனான். உங்களிலை எரிச்சல்."

நிவேதனாவின் முகம் ஒருவிதமாய் மாறிற்று. "என்னிலையோ?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "என்னிலை இதுவரைக்கும் ஒருத்தரும் எரிச்சல் பட்டதில்லை அக்கா. எல்லாரும் பாவம்தான் பாத்தவை" என்றாள். வாய் ஓரத்தில் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது. வரவில்லை. "ஆனால் வாசிச்சுக்காட்டேக்கை பொய் சொன்னனீங்கள். எழுதினதைக்கூட விடலாம். அதை விடமாட்டன்."

தனுஷாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

குழு கூடி அந்த ஒரு கேள்விக்குரிய பதினெட்டுப் புள்ளியையும் நீக்கிற்று. நிவேதனா சித்தியடைந்தாள், இரண்டாவதாக. பயிற்சி வேலை மற்றப் பெடியனுக்குப் போயிற்று. யசிந்தாவின் பெயர் எழுதிக்கொடுப்போர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. செய்தி கேட்டு ஜெனிஸ்ரன் பகிடி விடவில்லை. செபஸ்தியம்மா மட்டும் சோற்றைப் போட்டுக்கொண்டே, "பதினெட்டோ? இருபதுக்கோ?" என்று கேட்டாள். "அப்ப மற்ற ரெண்டையும் எதுக்குக் குறைச்சவங்கள்?" யசிந்தாவுக்குத் தெரியவில்லை.

சில நாள் சென்றுதான் ஒன்று அவளுக்கு உறைத்தது. இனி அந்தத் தாளில் கையெழுத்து வைக்க அவளை ஒருவரும் கூப்பிடப்போவதில்லை. படிக்காமல் இருப்பதால் இனி ஒரு பயனுமில்லை. அடுத்த நாள், மறுபடி சேர்ந்திருந்த றால் கொம்பனிக்குப் போகும் வழியில் கடையொன்றில் வெளிவாரிப் பரீட்சார்த்திக்கான விண்ணப்பத்தைக் கேட்டாள். கடைக்காரர், "ஆருக்கு, மகளுக்கோ?" என்றார். "எனக்கு" என்றாள். குரல் அவ்வளவாக எழும்பவில்லை. அவர் இன்னொருதரம் கேட்டார். இன்னொருதரம் சொன்னாள்.

நிவேதனா எட்டு மாதம் வேலை தேடி, இப்போது கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு சங்கத்தில் வெளிக்கள உதவியாளராக இருக்கிறாள். யசிந்தாவோடு கதைப்பதில்லை. யசிந்தா காலையில் றால் உரிக்கிறாள், பின்னேரம் பங்கு மண்டபத்தில் நடக்கும் வகுப்புக்குப் போகிறாள். தன் பிள்ளை வயதுப் பிள்ளைகளோடு இருக்க வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர்களில் கணக்குக் கெட்டிக்காரியான ஒருத்தியைப் பார்த்து அவளுக்கு இப்போதும் எரிகிறது. ஆறு பாடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். சுட்டெண் வந்துவிட்டது.